அப்பாவின் பிடியில் இருந்த கடல் பயம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பிள்ளையைக் காட்டத்தான் வந்தார்கள். ஏழு வயதுப் பெண் குழந்தை, இரண்டாம் வகுப்பு. “கடலைக் கண்டா கத்துறாக்கா. கடக்கரையில பொறந்த பிள்ளை. பள்ளிக்கூடத்துல எல்லாம் சிரிக்குதுக” என்றார் அம்மா. அப்பா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். “உட்காருங்க தம்பி” என்றேன். “பரவாயில்ல மேடம்” என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் உளவியல் ஆலோசகராக வேலை செய்கிறேன். இந்தக் குடும்பம் கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையில், மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு கிராமத்தில் இருக்கிறது என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் தெரியாமலிருக்க வயது, உறவு, தொழில் விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். இதே மாதிரி வந்த வேறு சிலரின் அனுபவமும் இதில் கலந்திருக்கிறது. ஒரு பயம் எப்படி ஃபோபியாவாக முற்றுகிறது, அது எப்படி இன்னொருவருக்குக் கைமாறுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

பிள்ளைக்கு என்ன

குழாய்த் தண்ணீரில் குளிப்பாள். மழையில் ஆடுவாள். ஊரணிப் படியில் உட்கார்ந்து கால் நனைப்பாள். கடல் மட்டும் ஆகாது. கரைக்குப் போகிற வழியில் கடைசிப் பனைமரத்தைத் தாண்டியதும் உடம்பு விறைத்துவிடும், அப்புறம் அழுகை, சில நாள் வாந்தி. ஒன்றரை வருஷமாக இப்படி. சின்னப் பிள்ளைகளுக்கு இருட்டோ நாயோ தண்ணீரோ பயமாக இருப்பதும், வளர வளர அது தானாக விட்டுப்போவதும் சகஜம். ஆபத்துக்குப் பொருந்தாத அளவில், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையை மறிக்கிற பயத்தைத்தான் ஃபோபியா என்று கணக்கில் எடுக்கிறோம். இவளுக்கு இருந்தது அதுதான்.

எந்தச் சம்பவமும் இல்லாமலே வந்த பயமாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியும் உண்டு. மென்சிஸ், கிளார்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள் தண்ணீர்ப் பயம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் விசாரித்து 1993-ல் எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட பெற்றோர், முதன்முதலாகத் தண்ணீரில் இறக்கிய நாளிலிருந்தே பிள்ளை பயந்தது என்றுதான் சொன்னார்கள். மூழ்கியதும் இல்லை, வழுக்கி விழுந்ததும் இல்லை.

ஆனால் இந்த அம்மா ஃபோனைத் துழாவி ஒரு படம் காட்டினார். மூன்று வயதில், முட்டளவு அலையில், ஜட்டியோடு நின்று வாய்கொள்ளாமல் சிரிக்கிறாள். ஆக, இந்தப் பயம் பிறகு வந்தது. யாரோ கொடுத்தது.

கரையில் பார்த்தது

ஒரு சாயங்காலம் அவர்களோடு நானும் கரைக்குப் போனேன். பிள்ளையின் முகத்தைக் கவனிக்கத்தான் போனேன். என் கண் அவள் கையிலேயே நின்றுவிட்டது.

அப்பா அவளுடைய விரல்களைப் பிடிக்கவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அலை புரண்டு உடைகிற சத்தம் வரும்போதெல்லாம் அவருடைய கட்டைவிரல் உள்ளே அழுந்தியது. அலை பின்வாங்கும்போது கொஞ்சம் தளர்ந்தது. மறுபடி சத்தம், மறுபடி அழுத்தம். அவர் கடலைப் பார்க்கவே இல்லை. ஊர்ப் பக்கம், மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வேர்வை. பிள்ளையும் கடலைப் பார்க்கவில்லை. அண்ணாந்து அப்பா முகத்தைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். உடனே அவர் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “பயப்படுது மேடம், போயிரலாம்” என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். தார் ரோட்டில் இறக்கிவிட்டபோது அவள் மணிக்கட்டில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன.

“நீங்க கடைசியா எப்ப தம்பி கடல்ல கால வச்சீங்க?” என்று கேட்டேன்.

அவர் பேசவில்லை. மனைவிதான் சொன்னார்: “நாலு வருஷமாச்சுக்கா.”

வல்லம் மறிந்த நாள்

அவருக்கு வயது 34. முதுகுளத்தூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் ஊருக்கு வந்து சகலையின் ஃபைபர் வல்லத்தில், அதாவது சிறு மீன்பிடிப் படகில், ஏறினார். இரண்டு வருஷம் கடலுக்குப் போயிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம், தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பலமாக இருந்த ஒரு விடிகாலையில் தீவுப் பக்கம் வல்லம் மறிந்தது. சகலை வெளியே விழுந்தார். இவர் உள்ளே, கவிழ்ந்த வல்லத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டார். சில விநாடிதான் இருக்கும். இருட்டு, டீசல் நெடி, தலைக்கு மேலே தண்ணீர் பலகையில் மோதுகிற ‘டப்... டப்...’ சத்தம். சகலை காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். இரண்டு பேரும் வல்லத்தின் முதுகைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கிடந்தார்கள். வேறொரு வல்லம் வந்து ஏற்றிக்கொண்டது.

ஊரில் யாரைக் கேட்டாலும், “அன்னைக்குச் சாகப் பொழச்சான், அதான் பயம்” என்று காரணம் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது பத்தவில்லை. அதே வல்லத்தில், அதே அலையில், அதே இரண்டு மணி நேரம் கிடந்த சகலை நாலாம் நாள் கடலுக்குப் போய்விட்டார். காரணம் சம்பவம் மட்டும்தான் என்றால் இரண்டு பேருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்?

சம்பவம் சும்மா என்று சொல்ல வரவில்லை. 1920-ல் அமெரிக்காவில் வாட்சன், ரேய்னர் என்ற இருவர் ஒரு வயதுகூட நிரம்பாத குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டி, அது எலியைத் தொடப் போகும்போது முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். சில தடவையிலேயே குழந்தை எலியைக் கண்டால் அழ ஆரம்பித்தது, அப்புறம் முயலைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தை எடுத்துவிடாமலே அவர்கள் அந்தக் குழந்தையை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு முறை அதைப் படிக்கும்போதும் எனக்கு வயிறு கலங்கும். ஆனால் பயம் எப்படி ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது எப்படிப் பக்கத்துக்குப் பரவுகிறது என்பதை அது காட்டிவிட்டது.

இவரிடமும் அப்படித்தான் பரவியிருந்தது. பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து போகும்போது இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்குகிற ‘டப்... டப்...’ அவருக்கு வல்லத்துக்கு அடியில் கேட்ட சத்தமாகவே கேட்டது. 1988-ல் திறந்த பாலம், நீளம் 2.3 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் நடுவில் வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிற இடம் அது. இவர் ஒரே ஒரு முறை ஏறி, பாதியில் மூச்சு முட்டி, ஓட்டுநரிடம் இறக்கிவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். அதற்குப் பிறகு ராமேசுவரம் பக்கமே போனதில்லை, கூடப்பிறந்த தங்கை கல்யாணம் உட்பட. இன்னொன்றை மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பதில்லை. கழுத்துக்குக் கீழே குளித்துவிட்டு, ஈரத் துண்டால் தலையைத் துடைத்துக்கொள்வார். நாலு வருஷமாக.

ஏன் இப்படி என்றால், கண்ணும் காதும் அனுப்புகிற தகவல் மூளையின் மேல் அடுக்குக்குப் போய் ‘இது பேருந்துச் சத்தம்’ என்று விளங்குவதற்கு முன்னாலேயே, குறுக்கு வழியில் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதியைத் தொட்டுவிடுகிறது. நெஞ்சு அடிக்க ஆரம்பித்த பிறகுதான் புத்தி வருகிறது. ‘பஸ்ஸுக்குப் போயி பயப்படலாமா’ என்று அவரைக் கேட்டவர்களுக்கு இது தெரியாது. அந்தக் கேள்வியை அவரே தன்னிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதும் தெரியாது.

சகலைக்கு ஏன் வரவில்லை

சகலையை வரவழைத்து ஒரு மணி நேரம் பேசினேன். “பயம் இல்லாமலா? நாலாம் நாள் வல்லத்தத் தள்ளும்போது கை நடுங்குச்சு. தள்ளிட்டேன்” என்றார்.

பதினாலு வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். அவருடைய உடம்பில் ஆயிரக்கணக்கான நல்ல நாட்கள் இருந்தன, ஒரு கெட்ட நாள் அதில் கரைந்துவிட்டது. பிள்ளையின் அப்பாவான தம்பிக்கு அப்படிக் கையிருப்பு இல்லை. நல்ல பழக்கம் முன்னாலேயே இருந்தால் பயம் எளிதில் ஒட்டாது என்பது ஆய்வுகளில் பலமுறை பார்த்த விஷயம்தான். நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972, 73-ல் பிறந்தவர்களைச் சிறுவயதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அதில் ஐந்து முதல் ஒன்பது வயதுக்குள் பலமாக விழுந்து அடிபட்டவர்கள், 18 வயதில் உயரத்துக்குப் பயப்படுகிறவர்கள் மத்தியில் அதிகம் இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? பயம் இல்லாதவர்கள் மத்தியில்தான் அவர்கள் அதிகம் இருந்தார்கள். ஏறி விளையாடுகிற பிள்ளைதான் விழும், விழுந்த பிள்ளை மறுபடி ஏறும்.

சுபாவத்துக்கும் பங்கு உண்டு. தம்பியின் அம்மா கண்மாய்க் கரையில்கூட நடக்க மாட்டாராம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், சட்டென்று பயப்படுகிற தன்மை ஓரளவு பிறப்பிலேயே வருகிறது என்கின்றன.

இதெல்லாம் சேர்ந்தும்கூட ஃபோபியா ஆகியிருக்காது என்பதுதான் என் கருத்து. அந்த நாளைவிட, அந்த நாளுக்குப் பிந்தைய நாற்பது நாளில்தான் நான் காரணத்தைப் பார்க்கிறேன்.

கரையேறிய அன்றே மாமியார் திருநீறு போட்டார். அது நல்லதுதான், அன்று ராத்திரி அவரைத் தூங்கவைத்தது அதுதான். மறுநாள் குலதெய்வக் கோயிலுக்குக் கூட்டிப்போய், மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் கை வைக்கச் சொல்லி, இனிமேல் கடலுக்குப் போக மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். பிரியத்தில் செய்ததுதான், இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தச் சத்தியம் அவர் உடம்புக்கு ஒரு செய்தி சொன்னது: நீ பயந்தது சரி, அது உன்னைக் கொல்லும்.

நாற்பதாவது நாள், வீட்டுக்குத் தெரியாமல், ஒற்றையாக அவர் கரைக்குப் போயிருக்கிறார். கடைசிப் பனைமரம் வரை. நெஞ்சு அடித்தது, கண் இருட்டியது, வாந்தி வந்தது. திரும்பினார்.

“திரும்பி நடந்தப்ப எப்படி இருந்துச்சு தம்பி?”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்பாடான்னு இருந்துச்சு மேடம். அந்த மாதிரி நிம்மதி வாழ்க்கையில இருந்ததில்ல.”

அந்த நிம்மதிதான் வாத்தியார். மௌரர் என்ற உளவியலாளர் 1947-ல் இதை எழுதிவைத்தார்: பயம் ஒட்டிக்கொள்வது ஒரு பாடம், விலகி ஓடும்போது கிடைக்கிற நிம்மதி இரண்டாவது பாடம், அந்த இரண்டாவதுதான் முதலாவதைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. நாலாம் நாள் கை நடுங்க வல்லத்தைத் தள்ளிய சகலைக்கு, ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று தெரிந்துகொள்ளச் சந்தர்ப்பம் கிடைத்தது. தம்பிக்கு அது கிடைக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆவதற்கு முன்னால் திரும்பிவிட்டார். ‘திரும்பியதால்தான் பிழைத்தோம்’ என்று உடம்பு எழுதி வைத்துக்கொண்டது. பனைமரத்தில் ஆரம்பித்தது பாலத்துக்குப் போய், குளிக்கிற செம்பு வரை வந்துவிட்டது. இப்போது டி.வி.எஸ். எக்செல்லில் மீன் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு ஊர்களில் விற்கிறார். மீனைக்கூடக் கரையில் வாங்க மாட்டார், ரோட்டில் வாங்குவார்.

நாலு வருஷம் ஏன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். “மனசுக்கு வைத்தியம்னா ஏர்வாடின்னுதான மேடம் சொல்லுவாக.” அந்தப் பதிலுக்கு என்னிடம் பேச்சு இல்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். இந்த மாவட்டத்தில் மனநலம் என்ற சொல்லோடு அந்தச் சங்கிலியும் சேர்ந்தே காதில் விழுகிறது.

பிள்ளைக்கு எப்படிப் போனது

பிள்ளைக்கு எந்த வல்லமும் மறியவில்லை. அவளுக்குப் பயம் வந்தது அப்பாவின் கட்டைவிரல் வழியாக.

மினேகா, குக் என்ற ஆய்வாளர்கள் 1980-களில் குரங்குகளை வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஆய்வகத்தில் பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயம் இல்லை. காட்டில் வளர்ந்த குரங்கு பாம்பைக் கண்டு மிரள்வதை ஒரு சில முறை பார்த்ததுமே இவையும் மிரண்டன. அதே மிரட்சியை, பூவைக் கண்டு மிரள்வதுபோல வீடியோவில் வெட்டி ஒட்டிக் காட்டியபோது பூவுக்குப் பயப்படக் கற்றுக்கொள்ளவில்லை. பாம்பு, உயரம், ஆழத் தண்ணீர் மாதிரி நம் முன்னோரைக் காலங்காலமாகக் கொன்ற விஷயங்களுக்கு மூளை ஏற்கனவே பாதி தயாராக இருக்கிறது. செலிக்மன் என்ற உளவியலாளர் 1971-லேயே இதைச் சொல்லியிருந்தார். பிளக் பாயிண்டில் கை வைத்து ஷாக் அடித்தவர்கள் எத்தனையோ பேர், பிளக் பாயிண்டைக் கண்டு அலறுகிறவர் அபூர்வம்.

குரங்கு ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இன்னொன்று. பயப்படாத குரங்கு பாம்போடு சாதாரணமாக இருப்பதை முதலில் நிறையப் பார்த்துவிட்ட குரங்குகளுக்கு, பிறகு மிரள்கிற குரங்கைக் காட்டியபோது பயம் அவ்வளவாக ஒட்டவில்லை. இதைச் சிகிச்சையில் பயன்படுத்தினேன், கீழே வருகிறது.

பார்ப்பது ஒரு வழி, கேட்பது இன்னொரு வழி. மாமியாரின் குடும்பம் தனுஷ்கோடியிலிருந்து வந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலையே கடல் அள்ளிக்கொண்டு போனதை, தன் அம்மா சொல்லக் கேட்டவர். பேத்தி சாப்பிட அடம்பிடித்தால், “ரயிலத் தூக்குன கடலு, உன்னத் தூக்க எம்புட்டு நேரம்” என்பாராம். நேரடி அனுபவம், பிறரைப் பார்ப்பது, பிறர் சொல்லக் கேட்பது என்று பயம் வருகிற மூன்று வழிகளை 1977-ல் ராக்மன் என்ற உளவியலாளர் வகுத்தார். இந்த வீட்டில் மூன்றும் நடந்திருந்தன. கதை மட்டும் போதாது என்பதற்கும் தனுஷ்கோடியே சாட்சி. வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்த பிறகும் அங்கே குடிசை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வளர்கின்றன, கூடவே அப்பன் வல்லத்தைத் தள்ளுவதையும் பார்க்கின்றன.

என்ன செய்தோம்

அப்பாவுக்கு முதலில், பிள்ளைக்குப் பிறகு. மாமியாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியத்தைத் திருப்பி வாங்கச் சொன்னேன். பூசாரியே ஒரு வழி சொன்னார், தேங்காய் உடைத்து முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் தம்பி நாற்காலியில் உட்கார்ந்தார்.

செம்பில் ஆரம்பித்தோம். தலையில் ஒரு செம்பு. பயத்துக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று கேட்டால் 90 என்றார். ஊற்றினால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள் என்றேன். மூச்சு நின்றுவிடும் என்றார். ஊற்றினார். நிற்கவில்லை. எட்டாவது நாள் 30 மார்க். அப்புறம் ஊரணி, அப்புறம் கடல்.

நாங்கள் ஆரம்பித்தது கச்சான் காலம். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கிற அந்த மாதங்களில் பாக் விரிகுடாப் பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வேறெந்த ஊரிலும் ஒரு ஆலோசகருக்கு இப்படி வசதி கிடைக்காது! அமைதியான கடலில் முட்டளவு, இடுப்பளவு, முழுக்கு. ஐப்பசியில் வாடை ஆரம்பித்து வடகடல் எழும்பும்போது தென்கடல் அடங்கிவிடும், அப்போது தென்கடலுக்கு மாறினோம். வேண்டுமென்றேதான் இடம் மாற்றினேன். ஓரிடத்தில் தணிந்த பயம் வேறிடத்தில் திரும்ப எழும்பும். பழைய பயம் மூளையிலிருந்து அழிவதில்லை, அதன் மேல் புதிய பாடம் ஒன்று படிகிறது, அவ்வளவுதான். அந்தப் பாடம் வடகடலில் மட்டும் படித்ததாக இருக்கக் கூடாது. விதி ஒன்றே ஒன்று: பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பக் கூடாது, இறங்குகிற வரை நிற்க வேண்டும். பாலத்தை முதலில் சகலையோடு, பிறகு தனியாகப் பேருந்தில் கடந்தார். மூன்றாவது முறை சன்னலோரம் உட்கார்ந்தார். தங்கையின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எனக்கு ஃபோன் செய்தார். இந்த வேலையில் நான் அழுத நாட்கள் குறைவு, அது ஒன்று.

வீட்டில் தானாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் ஆழத் தண்ணீரில் தனியாக இறங்க வேண்டாம். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், பக்கத்தில் யாரைப் பார்ப்பது என்று வழி சொல்வார்கள்.

பிள்ளைக்கு நான் செய்தது மிகக் கொஞ்சம். 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். பயப்படாத பிள்ளைகளையும் கூட விளையாடவிட்டார். நூறு வருஷமாகியும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பெரியப்பாவின் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பை கடலை மிட்டாய், ஒரு பிளாஸ்டிக் வாளி. பனைமரத்தடியில் முதல் வாரம், ஈர மணலில் இரண்டாம் வாரம். அப்பாவை அந்த நாட்களில் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கப் பழகிய பிறகுதான் வரச் சொன்னேன்.

இப்போது

போன மாசியில் எல்லாரும் கரைக்குப் போனோம். தென்கடல் அமைதியாக இருந்தது. பிள்ளை அப்பாவின் சுண்டுவிரலை மட்டும் பிடித்திருந்தாள். அலை உடைந்தபோது நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். விரல் அசையவில்லை. இரண்டாவது அலைக்கு அவளே விரலை விட்டுவிட்டு வாளியோடு ஓடினாள்.

அவர் இன்னும் வல்லம் ஏறவில்லை. “கரைவலைக்குப் போறேன் மேடம், அது போதும்” என்கிறார். அது அவர் முடிவு, நான் வற்புறுத்தப் போவதில்லை. டீசல் நெடி இன்னும் 40 மார்க். கச்சான் அடிக்கிற நாளில் தென்கடல் முன்னால் அவர் இன்னும் நின்று பார்க்கவில்லை. ஆனி பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அதுவரை இந்தக் கோப்பை நான் மூடவில்லை.